அவன் வழி சொன்னான், நான் வண்டி ஓட்டினேன்

விழா மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "நீங்கள் வரலாறு படித்தவர், வரலாறாகவே ஒன்று எழுதுங்கள்" என்றார்கள். நம் கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு கார் ராலியைப் பற்றி. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம், இதிலும் வரலாறு உண்டு.

ராலி என்றதும் புழுதி பறக்கப் பாய்ந்து போகும் கார்கள்தான் நினைவுக்கு வரும். நான் கலந்துகொண்டது அந்த வகை இல்லை. 2009-ல், பார்வையற்ற மாணவர்களின் விடுதி ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காகச் சென்னையில் நடந்த ராலி அது. வண்டி ஓட்டுபவர் பார்வையுள்ளவர். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர் பார்வையற்றவர். வழிக்குறிப்பு முழுவதும் பிரெய்ல் எழுத்தில் இருக்கும். ஓட்டுபவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. எனக்கு வழி சொன்னவன், 1986 முதல் 1989 வரை என்னோடு பி.ஏ. வரலாறு படித்த நண்பன். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அந்த வருஷத்து மாணவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. எங்கள் காருக்குள் சேர்ந்த இரண்டு விஷயங்களுமே பாரிஸ் நகரத்தில் பிறந்தவை.

ஒன்று பிரெய்ல். 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல் மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஏற்பட்ட காயத்தால் பார்வையை இழந்தார். பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்போது, சார்ல்ஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி உருவாக்கிய புள்ளி எழுத்து அவர் கைக்கு வந்தது. அதில் ஓர் எழுத்துக்குப் 12 புள்ளிகள் வரை வேண்டும். விரல்நுனிக்குள் அடங்காது. பிரெய்ல் அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-ல், 15 வயதுப் பையன் செய்த காரியம் இது! 1829-ல் அது புத்தகமாக வந்தது. ஆனால் அவர் படித்து, பின்பு ஆசிரியராக இருந்த அதே பள்ளி அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1854-ல். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து.

மற்றொன்று ராலி. 1894 ஜூலையில் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்குச் சுமார் 126 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பத்திரிகை மோட்டார் வண்டிப் போட்டி நடத்தியது. முதலில் வந்து சேர்ந்தவர் டி தியோன் பிரபு. ஆனால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை! அவருடையது நீராவி வண்டி. ஓட்டுபவர் தவிர, நெருப்பைக் கவனிக்க இன்னோர் ஆளும் தேவை. பாதுகாப்பாக, எளிதாக ஓட்டக்கூடிய வண்டிக்குத்தான் பரிசு என்பது விதி. பேஜோ, பனார் வண்டிகள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. முந்தி வந்தவன்தான் வென்றவன் என்று இல்லாத போட்டி அப்போதே இருந்திருக்கிறது.

எங்கள் ராலியும் அந்த ரகம்தான். இத்தனை கிலோமீட்டரை இத்தனை வேகத்தில் கடக்க வேண்டும் என்று குறிப்பு சொல்லும். வழியில் எங்கேயோ நேரம் குறிப்பவர்கள் மறைந்து நிற்பார்கள். ஒரு நிமிஷம் தாமதமானால் ஒரு புள்ளி போகும், ஒரு நிமிஷம் முந்தினால் இரண்டு புள்ளி போகும். ஆகவே ஓட்டுபவன் சூரனாக இருந்து பயனில்லை. பக்கத்தில் இருப்பவன் கணக்கில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-ல் அமிர்தசரசில் தொடங்கியது. 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது நம் பக்கத்து முன்னோடி. 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது. பள்ளிகள் வந்தன, எழுத்து வந்தது. ஆனாலும் என் நண்பன் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்போடு கணக்கு நின்றுவிட்டது. "உங்களுக்கு எதுக்கு அது?" என்றார்களாம். கணக்கு படிக்க ஆசைப்பட்டவன் வரலாறு படிக்க வந்தான். விடுதி மாடியில் நான் பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன். அவன் இரும்புச் சட்டத்தில் தாளை வைத்து ஊசியால் டக் டக் என்று குத்திக் குறிப்பெடுப்பான். வருஷங்களை அவன்தான் எனக்கு ஞாபகப்படுத்துவான். பானிப்பட் மூன்று போர்களுக்கும் இடையில் எத்தனை வருஷம் என்று கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வரும். அதை நாங்கள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ராலி நாளுக்கு வருவோம். தென்சென்னையிலிருந்து புறப்பட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் போய், திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளைச் சுற்றிக் கோவளத்தில் முடிக்க வேண்டும். என் பழைய மாருதி 800. மடியில் பிரெய்ல் தாள், அதன்மேல் அவனுடைய விரல்கள். "இரண்டு புள்ளி ஒண்ணு. இடது பக்கம் பிள்ளையார் கோயில். தாண்டியதும் வலது" என்பான். நான் மீட்டரைப் படித்துச் சொல்வேன். கேளம்பாக்கம் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று.

ஒரு கிராமத்துக்குள் 3.4 கிலோமீட்டரில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அங்கே போனால், கால்வாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டிப் போட்டிருக்கிறது! எதிரே வந்தவர், "சுத்திக்கிட்டுப் போங்க சார்" என்று வேறொரு தெருவைக் காட்டினார். எனக்குக் கை உதறல். நண்பன் அசையவில்லை. "முப்பதிலேயே போடா. அடுத்த அடையாளம் தண்ணீர்த் தொட்டி, அஞ்சு புள்ளி ரெண்டுல. அது கண்ணுல பட்டதும் மீட்டர் என்னன்னு சொல்லு."

தொட்டி வந்தது. மீட்டர் 6.1 காட்டியது.

"தொள்ளாயிரம் மீட்டர் கூட. அதாவது ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு வினாடி லேட்டு" என்றான். ஒரு மூச்சு விட்டு, "முப்பத்தாறுல ஒன்பது நிமிஷம் போ. சரியாயிடும். அப்புறம் முப்பதுக்கு வந்துடு" என்றான்.

தாள் இல்லை, பேனா இல்லை. நம்பிப் போனேன். ஒன்பதாவது நிமிஷம் முடிந்து முப்பதுக்கு இறங்கிய சற்று நேரத்தில், புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள் நேரம் குறிப்பவர்கள். எங்களுக்கும் குறித்த நேரத்துக்கும் வித்தியாசம் 12 வினாடி! புள்ளி போகவில்லை. வீட்டுக்கு வந்து பேனா பிடித்துப் போட்டுப் பார்த்தேன். அவன் கணக்கு அப்படியே சரி.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை; நடுவில் எங்கேயோ வந்தோம். கோவளத்தில் மோர் கொடுத்தார்கள். விழாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் என் தோளில் தட்டி, "நல்ல சேவை சார். இவங்களை வெளியே கூட்டிட்டு வந்தீங்களே" என்றார். நண்பன் சிரித்துக்கொண்டே, "சார், கூட்டிட்டு வந்தது நான்" என்றான். பெரியவரும் சிரித்துவிட்டார்.

விடுதிக்கு நிதி சேர்ந்தது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முதல் என்னை உறுத்துவது வேறு. அந்த மூளைக்கு எட்டாம் வகுப்போடு கதவைச் சாத்தியது யார்? பார்வை இல்லாதது அல்ல, "உங்களுக்கு எதுக்கு?" என்ற ஒரு வார்த்தை. 1995-ல் வந்த சட்டம் அரசுக் கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியது. 2016-ல் வந்த சட்டம் உயர்கல்வியில் அதைக் குறைந்தது 5 சதவீதமாக்கியது. இன்று கைபேசியே புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறது. ஆனால், என்ன படிக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்க இன்னும் மனிதர்தான் வேண்டும்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உதவித்தொகை விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் கேட்கிறோம், மதிப்பெண் கேட்கிறோம். "நீ படிக்க விரும்பி, உனக்கு மறுக்கப்பட்ட பாடம் எது?" என்று இன்னொரு வரியைச் சேர்த்தால் என்ன?

மாணவத் தம்பி தங்கைகளே, சந்திப்பு விழாவுக்கு என் நண்பனும் வருகிறான். அரசுப் பள்ளியில் நெடுங்காலம் வரலாற்று ஆசிரியராக இருந்தவன். கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்க அவசரப்பட வேண்டாம். ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள்.