கோட்டையும் சேரியும்

தமிழகத்தின் தலைநகராம் சென்னையைக் காணச் செல்லும் நம் இளைஞர்கள் கோட்டையைக் காண்கின்றனர், உயர்நீதிமன்றத்தைக் காண்கின்றனர், கடற்கரையில் உழைப்பாளர் சிலையின் முன் நின்று மகிழ்கின்றனர். யாவும் காணத் தக்கவையே. ஆயினும், அந்நகரை உழைத்து எழுப்பியவர் யாவர், அவர்கள் எங்கே குடியிருத்தப்பட்டனர் என்னும் வினாவை எழுப்பாது திரும்புவோமாயின், நகரின் ஒரு பாதியையே கண்டவர்களாவோம். மறு பாதியைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1639ஆம் ஆண்டு தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலோரத்தில் நிலம் பெற்றனர். மறு ஆண்டே புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் அமைந்தது வெள்ளையர் நகரம். அதன் வடபுறம் வளர்ந்தது கருப்பர் நகரம். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கருப்பர் நகரத்திலும் நம் முன்னோர்க்கு இடமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நிலப்படங்கள் நம் மக்கள் வாழ்ந்த பகுதியைப் ‘பெரிய பறைச்சேரி’ எனத் தனியே குறிக்கின்றன. வெள்ளையர் நிறத்தால் ஒரு கோடு கிழித்தனர். நம் நாட்டார் சாதியால் மற்றொரு கோடு கிழித்தனர். முதற்கோடு 1947இல் அழிந்தது. இரண்டாவது கோடோ அழியவில்லை. இடம் மட்டும் மாறிற்று.

1746இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் 1749இல் அதனைத் திருப்பித் தந்தனர். பின்னர்ப் பாதுகாப்பு கருதிக் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரம் இடிக்கப்பட்டு வெட்டவெளியாக்கப்பட்டது. 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடம் அந்த மண்ணிலேதான் நிற்கின்றது. ஆளுவோர்க்கு இடம் தேவைப்படும்போது எளியோர் இடம்பெயர வேண்டும் என்பது அந்நாளிலேயே இந்நகரின் வழக்கமாயிற்று.

இனி, பக்கிங்காம் கால்வாயைப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, பசியால் வாடி நகருக்கு வந்த ஏழைகளைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஆளுநர் பெயர் நிலைத்தது. மண் சுமந்தோர் பெயரைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

நம் முன்னோர் இவற்றைக் கண்டு வாளாவிருந்தனர் என எண்ணலாகாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற அத்தீர்மானம் நிறைவேறிற்று. அது நிறைவேறிய இடம் எது? அதே கோட்டை! நம்மை வெளியே நிறுத்திய மதிலுக்குள் நம்மவர் ஒருவர் சென்று நமக்காக வாதாடி வென்றார். அவரை உள்ளே கொண்டு சேர்த்தது பொருளன்று, படையன்று, கல்வியே.

விடுதலைக்குப் பின் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. குடிசை இருந்த இடங்களிலேயே மாடிக் குடியிருப்புகள் பல எழுந்தன. இதனை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆனால் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடிக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, நகர மக்களுள் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். அவர்களுள் நம்மவர் மிகப் பலர்.

வீடு பெயர்வது வெறும் சுவர் பெயர்வதன்று. தாயின் வேலை போகிறது. பிள்ளையின் பள்ளி போகிறது. 2022 மே மாதம், முன்கூறிய பக்கிங்காம் கால்வாய்க் கரையில், கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டன. அது பொதுத்தேர்வு நடக்கும் காலம். இடிப்பை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து மாண்டார். கல்வியாண்டின் நடுவே பெயர்க்கப்படும் மாணவன் மீண்டும் வகுப்பறைக்கு வருவது அரிது என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் நன்கறிவோம்.

உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது. அதே நகரின் பாதாளச் சாக்கடையில் இறங்கி நச்சுக் காற்றால் மடிவோரும் உழைப்பாளரே. 1993லும் 2013லும் இயற்றப்பட்ட சட்டங்கள் மலம் அள்ளும் தொழிலுக்கு மனிதரை ஏவுவதைத் தடுக்கின்றன. 2023இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்போர் குடும்பத்திற்குரிய இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் இருக்கின்றது, அதனை எடுத்துக்காட்டிக் கேட்பவர்தாம் குறைவு.

இளைஞர்களே! கேட்பவராக நீங்கள் ஆதல் வேண்டும். பட்டாவையும் அரசாணையையும் படித்துணருங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையாளப் பழகுங்கள். பெயர்க்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை ஒன்று உங்கள் அருகில் இருப்பின், அதனை மறுநாளே பள்ளியில் சேர்த்துவிடுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஏற்றிவரும் விளக்கின் பயன் அதுவே. சேரியிலிருந்து கோட்டைக்குச் செல்லும் வழியைச் சீனிவாசனார் 1924இல் காட்டிவிட்டார்; அவ்வழியே நடப்பது நம் கடன்.