காற்றுப்பையும் அதன் எச்சரிக்கை விளக்கும்

பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கச் செல்வோர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவனவற்றையே பெரும்பாலும் சோதிக்கின்றனர். வண்டியின் நிறத்தைப் பார்க்கின்றனர்; இயந்திரத்தின் ஓசையைக் கேட்கின்றனர்; டயரின் தேய்வைத் தடவிப் பார்க்கின்றனர். ஆயின், உயிர்காக்கும் உறுப்பொன்று ஸ்டியரிங்கின் நடுவிலுள்ள மூடிக்குள் மறைந்து கிடக்கின்றது. அதனை வெளியே எடுத்துப் பார்த்தல் இயலாது. இயக்கிச் சோதித்தலும் இயலாது. ஒருமுறை இயங்கினால் அத்துடன் அதன் ஆயுள் முடிந்துவிடும். காற்றுப்பை என்னும் அவ்வுறுப்பின் நிலையைப் பற்றி வண்டியில் இருப்போருக்குச் செய்தி சொல்வது சாரதியின் முன்னே உள்ள ஒரு சிறு விளக்கேயாகும். "அது எரிந்தாலென்ன, வண்டி ஓடுகின்றதே" என்று சொல்லி விற்போரும், அதனை நம்பி வாங்குவோரும் உளர். அவ்விளக்கு எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதை அறிவதற்குக் காற்றுப்பையின் வரலாற்றையே நாடவேண்டும்.

1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜோன் ஹெற்றிக் என்னும் பொறியியலாளர் தம் மனைவியுடனும் சிறு மகளுடனும் வண்டியிற் சென்றுகொண்டிருந்தார். பாதையில் எதிர்ப்பட்ட தடையொன்றைத் தவிர்க்க முயன்றபோது வண்டி பள்ளத்தில் இறங்கியது. அக்கணத்திலே தாயும் தந்தையும் ஒருங்கே கைகளை நீட்டி மகளின் தலை முன்புறத்தில் மோதாது தடுத்தனர். வீடு திரும்பிய ஹெற்றிக்கின் மனத்தில், பெற்றோரின் கை செய்த பணியை ஒரு பொறி செய்யலாகாதா என்னும் வினா எழுந்தது. கடற்படையில் பணிபுரிந்த காலத்தில், அமுக்கப்பட்ட காற்றுத் தற்செயலாக வெளியேறியதால் டோர்ப்பிடோவின் துணியுறை ஒரு நொடியில் விரிந்து மேலெழுந்ததை அவர் கண்டிருந்தார். அந்நினைவே வழிகாட்டியாயிற்று. 1953 ஓகஸ்ட் மாதத்தில் அவருக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அதே காலத்தில் ஜேர்மனியில் வால்ற்றர் லிண்டரர் என்பவரும் இதனையொத்த ஒரு சாதனத்துக்கு உரிமை பெற்றார். ஆயின் மோட்டார் உற்பத்தியாளர் எவரும் ஹெற்றிக்கின் கருத்தை ஏற்று முன்வரவில்லை. அவருடைய உரிமைக் காலம் முடிந்த பின்னரே காற்றுப்பை சந்தைக்கு வந்தது.

தாமதத்துக்கு அசட்டை மட்டும் காரணமன்று. மோதல் நிகழ்ந்து மனிதனின் தலை முன்னோக்கிப் பாய்வதற்குள் பை விரிந்து நிற்கவேண்டும். அதற்குரிய காலம் ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு அளவே. கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவானது. அமுக்கப்பட்ட காற்று அவ்வளவு விரைவாகப் பையை நிரப்பவில்லை. யப்பானில் யசுசாபுரோ கொபோரி என்பவர் 1960களில் வெடிப்பொருளைக் கொண்டு பையை விரிக்கும் முறையை ஆராய்ந்தார். அமெரிக்காவில் அலன் பிறீட் என்பவர் 1968ஆம் ஆண்டளவில் மோதலை உணரும் நம்பகமான உணர்கருவியை உருவாக்கினார். பின்னர் சோடியம் ஏசைட்டு என்னும் இரசாயனப் பொருளை மின்பொறியால் எரியவைத்து, அதிலிருந்து எழும் நைதரசன் வாயுவால் பையை நிரப்பும் முறை நிலைபெற்றது. ஆகவே, காற்றுப்பை என்பது பெயரளவிலேயே காற்றுப்பை. உண்மையில் அது அளவறிந்து அடைக்கப்பட்ட ஒரு வெடி.

ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1973ஆம் ஆண்டில் ஒல்ட்ஸ்மொபில் டொரொனாடோ வண்டியில் இதனைப் பொதுமக்களுக்கு விற்பனை செய்தது. வாங்குவோர் குறைந்தமையால் 1976ஆம் ஆண்டு மாதிரிகளோடு அம்முயற்சி நின்றது. 1980இன் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அதனை மீண்டும் கொணர்ந்தது. 1990 மார்ச் மாதத்தில் வேர்ஜீனியா மாநிலத்தில், காற்றுப்பை பொருத்திய இரு கார்கள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதின. சாரதிகள் இருவரும் சிறு காயங்களுடன் நடந்து வெளியேறினர். மக்களின் ஐயம் குறைய அந்நிகழ்ச்சி உதவியது. 1991இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1998ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்கள் யாவற்றிலும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 1987 தொடக்கம் 2017 வரை அந்நாட்டில் முன்புறக் காற்றுப்பைகள் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்தன என அரசாங்கம் மதிப்பிட்டுள்ளது.

இவ்வளவு நற்பயன் தரும் பொறிக்கு ஓர் இடர் உண்டு. அது பல ஆண்டுகள் அசையாது காத்திருந்து, ஒரே ஒரு கணத்தில் தவறாது எழவேண்டும். இடையில் அது பழுதுற்றால் எவரும் அறியார். இதனாலேயே அமெரிக்கப் பாதுகாப்பு விதி, காற்றுப்பையின் ஆயத்த நிலையைத் தானாகவே கண்காணித்துச் சாரதிக்குக் காட்டும் விளக்கொன்று வேண்டும் எனப் பணித்தது. வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி மிகச் சிறு மின்னோட்டத்தைக் காற்றுப்பையின் சுற்றுகளுக்குள் அனுப்பி அவற்றின் மின்தடையை அளக்கின்றது. திறப்பைத் திருப்பியதும் விளக்கு எரியும்; சில செக்கன்களில் குறையொன்றும் இல்லையெனில் அணைந்துவிடும். அணையாது நின்றாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ பழுது உண்டு. முதலிலேயே எரியாதிருந்தாலும் பழுது உண்டு. மூன்றாவது நிலையையே பலர் நல்ல நிலையெனத் தவறாகக் கொள்கின்றனர்.

விளக்கு எரிவதற்குக் காரணங்கள் பல. ஸ்டியரிங் சுழலும்போது மின்தொடர்பு அறாதிருக்க அதன் கீழே சுருண்டுள்ள நாடா தேய்ந்து அறுந்திருக்கலாம். இருக்கையின் அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்புத் தளர்ந்திருக்கலாம். பற்றரியின் வலு குன்றியிருக்கலாம். இவை எளிதிற் சீர்செய்யத்தக்கவை. ஆயின் வண்டி முன்னரே விபத்துக்குள்ளாகிப் பை விரிந்து, மீளப் பொருத்தப்படாதிருத்தலும் கூடும். ஆசனப்பட்டியை இறுக்கும் பொறியும் இதே விளக்கின் காவலில் உள்ளது. எனவே, "சிறு உணர்கருவிக் கோளாறுதான்" என்னும் விற்போரின் சொல் உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். விளக்கை மட்டும் பார்த்து எதுவெனத் துணிதல் எவராலும் இயலாது.

பொய் சொல்லத் துணிந்தோர் விளக்கையே ஏமாற்றவும் கற்றுக்கொண்டனர். சிலர் விளக்கின் குமிழைக் கழற்றிவிடுவர். சிலர் அதனை வேறொரு விளக்கின் கம்பியோடு இணைத்து, உரிய நேரத்தில் எரிந்து அணையச் செய்வர். காற்றுப்பை இருக்கவேண்டிய இடத்தில் சிறு மின்தடையொன்றைப் பொருத்தி, கட்டுப்பாட்டுக் கருவியை நம்பவைப்போரும் உளர். அவ்வண்டியில் மேல்மூடி மட்டும் இருக்கும், உள்ளே வெறுமையே. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், போலிக் காற்றுப்பைகள் சந்தையில் உலாவுவதாக மக்களை எச்சரித்தது. இவற்றால் விளக்கின் மதிப்புக் குன்றிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுப் பணிப்புரை இவ்விளக்கை வாகனப் பரிசோதனையில் சேர்த்தது. யப்பானிலும் 2017 முதல், இவ்விளக்கு எரியும் வண்டி பரிசோதனைக்கு ஏற்கப்படுவதில்லை.

இனி, விளக்கு சொல்லாத ஒன்றும் உண்டு. அது மின்சுற்றைக் காணும். உள்ளிருக்கும் வெடிப்பொருளின் தன்மையைக் காணாது. யப்பானின் தக்காற்றா நிறுவனம் அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்திச் செய்த காற்றுப்பைகள், நெடுங்கால வெப்பத்தாலும் ஈரலிப்பாலும் கெட்டு, விரியும்போது தம் உலோகக் கூட்டையே சிதறடித்து உயிர்களைப் பறித்தன. 2008இல் சில ஆயிரம் வண்டிகளோடு தொடங்கிய மீளழைப்பு, பின்னர் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 67 மில்லியன் காற்றுப்பைகளுக்கு விரிந்தது. 2017இல் அந்நிறுவனம் முறிவடைந்தது. அத்தகைய பைகளைத் தாங்கிய வண்டிகளில் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காகவே அணைந்தது. யப்பானில் ஓடிய வண்டிகளைப் பெருமளவில் வாங்கும் இலங்கைக்கு இச்செய்தி அயலார் செய்தியன்று. 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்ட இறக்குமதிக்கு இடைப்பட்ட காலத்தில், வெப்பமும் ஈரலிப்பும் மிக்க இத்தீவில் பழைய வண்டிகளே மீண்டும் மீண்டும் கைமாறின.

ஆதலால் வாங்குவோர் செய்யத்தக்கவை சில. இயந்திரத்தை விற்பவர் இயக்குமுன் தாமே திறப்பைத் திருப்பி, விளக்கு எரிகின்றதா, பின் அணைகின்றதா என்று பார்த்தல் முதலாவது. விளக்கு எரிந்து நின்றால், பணம் கைமாறுமுன் தேர்ந்த கராஜ் ஒன்றில் கணினிக் கருவியைக் கொண்டு பழுதுக் குறியீட்டை வாசிக்கச் செய்தல் இரண்டாவது. குறியீட்டை அழித்தல் பழுதை நீக்குதல் ஆகாது. காரணம் நீங்காவிடின் விளக்கு மீண்டும் எரியும். அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு மீளழைப்பு உண்டா என உற்பத்தியாளரின் முகவரிடமோ இணையத்தளத்திலோ அறிதல் மூன்றாவது. பழுதின் செலவு தெரிந்தபின் விலையைக் குறைத்துக் கேட்கலாம். தெரியாதவிடத்து வண்டியை விட்டு வருதலே தகும். மஞ்சள் இணைப்புகளை வீட்டில் தாமே கழற்றிப் பார்த்தல் எக்காரணம் கொண்டும் ஆகாது. உள்ளே இருப்பது வெடிப்பொருள்.

அன்று பென்சில்வேனியாவில் இரு பெற்றோர் நீட்டிய கைகளுக்குப் பதிலாகவே இப்பொறி பிறந்தது. இன்று பழைய வண்டியொன்றின் பின்னிருக்கையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தாய் தந்தையர், தமக்கு முன்னே அக்கை இருக்கின்றதா இல்லையா என்பதை அறியாமலே பயணம் செய்யலாகாது. அதனை அறிவதற்கு முதலில் வேண்டுவது, திறப்பைத் திருப்பியபின் சில செக்கன்கள் பொறுத்திருந்து பார்க்கும் கவனமே.