இடிந்த நகரும் எழுந்த நகரும்

மலாக்கா வாழ் தமிழராகிய நமக்கு நிலம் என்பது அசையாப் பொருள். தோட்டத்து லயத்திலே பிறந்தவரும் பட்டணத்துக் கடைத்தெருவிலே வளர்ந்தவரும் வெள்ளத்தைக் கண்டிருப்பர்; பெருங்காற்றில் ரப்பர் மரம் முறிந்து வீழக் கண்டிருப்பர்; நிலம் பிளந்து வீட்டை வீழ்த்தக் கண்டாரிலர். நீரிணைக்கு அப்பால் சுமாத்திராவிலே பூமி குலுங்கும்போது இக்கரையின் மாடிக் கட்டடங்களில் விளக்குச் சற்றே ஊசலாடும், அவ்வளவே. ஆயினும், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அதே சுமாத்திராவின் கடலடியில் எழுந்த நடுக்கம், ஆழிப் பேரலையாகிப் பினாங்குக் கரையையும் நாகப்பட்டினத்துக் கரையையும் ஒரே நாளிற் சூறையாடியதை நாம் மறந்தோமில்லை. ஆதலின், இடிந்த நகரம் எவ்வாறு எழுகின்றது என்னும் வரலாறு நமக்கும் உரியதே.

அவ்வரலாற்றுக்கு நல்ல சான்று பீகார் மாகாணத்து முங்கேர் நகரம். கங்கையின் தென்கரையில் உள்ளது. மீர் காசிம் என்னும் நவாப் தன் தலைநகராகக் கொண்டது. துப்பாக்கிக் கொல்லர்க்குப் பேர்பெற்றது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், தமிழ்நாட்டிலே பொங்கலின் ஆரவாரம் அடங்காத வேளை, பிற்பகல் இரண்டு மணி கடந்த சிறிது நேரத்தில் அந்நகரின் கடைத்தெரு கண்மூடித் திறக்கு முன் மண்மேடாயிற்று. சந்துகள் குறுகியவை, இருபுறமும் செங்கற் சுவர்கள், ஓட இடமில்லை. மாண்டோர் பலர் வீட்டுக்குள் இருந்தவரல்லர், தெருவுக்கு ஓடிவந்தவர். பீகாரிலே மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரும், நேபாளத்திலே எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரும் உயிர் நீத்தனர். பகற்பொழுதாயிருந்தமையால் உழவர் வயலில் இருந்தனர். நள்ளிரவாயின் இத்தொகை பன்மடங்காயிருக்கும்.

காரணம் என்ன? இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து இமயத்தின் அடியில் இடைவிடாது முட்டுகின்றது. அந்த அழுத்தம் பல தலைமுறைகள் சேர்ந்து ஒரு நாள் அவிழும், அதுவே பூகம்பம். கங்கைச் சமவெளி ஆற்று மணலும் வண்டலும் படிந்த நிலம். குலுக்கத்தில் ஈரமணல் கூழாகி, வெடிப்புகளின் வழியே நீரோடு பீறிட்டு வயல்களை மூடிற்று, கிணறுகளைத் தூர்த்தது. இஃது இயற்கையின் கணக்கு. இதில் எவர் பாவமும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆனால், பாவத்தின் பெயரால் ஒரு வழக்கு அப்போது எழுந்தது. எழுந்த இடமோ நம் தமிழ்நாடு. தீண்டாமை ஒழிப்புப் பயணமாக வந்திருந்த காந்தியடிகள், ஜனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியிலே பேசுகையில், இப்பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்திற்கு ஆண்டவன் அளித்த தண்டனை என்றார். தீண்டாமையைத் தாமும் வெறுத்தவரான கவி தாகூர் உடனே மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணம் என்றும், இவ்வாதத்தை எதிர்த்தரப்பார் இன்னும் எளிதாகக் கையாளுவர் என்றும் அவர் எச்சரித்தார். அவ்வாறே வைதிகரும், ஆலயத்துள் அரிசனரை விடத் துணிந்ததன் பலனே இது என்று திருப்பிக் கூறினர். ஒரே இடிபாட்டை இரு கட்சியாரும் தத்தம் சாட்சியாக்கினர்!

நாம் கேட்பது இது: தண்டனை என்றால், தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்டவர் குடிசையும் ஏன் வீழ்ந்தது? தொட்டிற் குழந்தை செய்த குற்றம் யாது? தீண்டாமை கொடிது என்பதை மெய்ப்பிக்கப் பூகம்பம் வேண்டியதில்லை, நீதியுணர்ச்சியே போதும். எனினும் நடுநிலை தவறாது ஒன்று சொல்லவேண்டும். காந்தியடிகள் அச்சொல்லோடு நின்றாரல்லர். மார்ச்சு மாதத்தில் தாமே பீகார் சென்று ஊர் ஊராகச் சுற்றினார். நிவாரணத்தில் சர்க்காரோடும் ஒத்துழைக்கவேண்டுமென்று வற்புறுத்தினார்.

மீட்சி எங்கே தொடங்கிற்று? மண்வெட்டியில் தொடங்கிற்று. சிறைப்பட்டு, நோயுற்றுப் பாட்னா மருத்துவமனையிலிருந்த இராஜேந்திர பிரசாத் இரண்டே நாளில் விடுதலையாகிப் பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார். ஜவாஹர்லால் நேரு முங்கேருக்கு வந்து, மண்வெட்டி ஏந்தி இடிபாட்டைத் தோண்டினார். இடிபாடு அகற்றுதல், கிணறு தூர்வாருதல், வயல்மேல் படிந்த மணலை வாருதல், மூங்கிலும் கூரையும் கொண்டு குடிசை கட்டுதல் ஆகியவை முதல் வேலைகள். சர்க்கரை ஆலைகள் பழுதுற்றமையால், வயலில் முற்றி நின்ற கரும்பைக் காப்பது தனிக் கவலையாயிற்று. வீட்டை மட்டும் கட்டித் தந்தால் மக்கள் மீளார். பிழைப்பையும் கட்டித் தரவேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

இங்கே ஒரு தமிழரைக் குறிப்பிடாமற் செல்லலாகாது. தஞ்சையிலே 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்குத் தணிக்கை பயின்றவர். நிவாரணக் குழுவின் நிதி ஆலோசகராயமர்ந்தார். தொண்டருக்கு நாளொன்றுக்கு மூன்றணாவே உணவுச் செலவென வரையறுத்தார். காந்தியடிகளின் பரிவாரம் பாட்னா வந்தபோது, அதன் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாதென்று கூறிவிட்டார். அடிகளும் அதனை ஏற்றார். பிறர் துயருக்கெனத் திரட்டிய பணத்தில் தலைவருக்கும் பங்கில்லை என்னும் அக்கண்டிப்பு, ஆயிரம் செங்கல்லினும் வலிய அடித்தளம் அன்றோ?

பின்னர் முங்கேரின் கடைவீதி அகன்ற சாலைகளோடு புதிதாய் வகுக்கப்பட்டது. காட்மாண்டுவிலும் இடிபாட்டின் நடுவே ஒரு புதுவீதி பிறந்தது. வீழ்ந்த தரகரா கோபுரமும் மீண்டும் எழுந்தது. ஆயினும் அகன்ற வீதி அனைவருக்கும் வீடாகிவிடாது. வீடு கட்டக் கடன் என்றால் ஈடு கேட்பர். வாடகைக் குடிசையில் இருந்த கூலிக்காரன் எதை ஈடு காட்டுவான்? தூர்வாரிய கிணற்றில் எல்லாரும் நீர் மொள்ள விடாவிட்டால், பழைய ஊரைத்தானே மறுபடியும் கட்டினோம்? மறதியும் ஒரு பூகம்பமே. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளம் மீண்டும் குலுங்கி, ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பலிகொண்டது. திரும்பக் கட்டிய தரகரா கோபுரமும் மறுபடி வீழ்ந்து, ஏறியிருந்தோரை மாய்த்தது.

மலாக்காத் தமிழர்களே! நமக்கு வந்த நடுக்கம் வேறு வகையது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், விற்கப்பட்டபோதும், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. நிலம் அசையாமலே வீடு போயிற்று. அப்போதும் தலைவிதி என்றவர் உண்டு. முற்பிறப்பின் பலன் என்றவரும் உண்டு. முங்கேர் நமக்குச் சொல்வது இதுவே: விதியைப் பேசும் நேரத்தில் மண்வெட்டியை எடுங்கள், சங்கத்தின் கணக்கை எல்லாரும் காணத் திறந்து வையுங்கள், எழுப்பும் வீட்டில், தோண்டும் கிணற்றில், நிறுவும் பள்ளியில், கடைசி வரிசையில் நிற்பவனுக்கு முதலிடம் தாருங்கள். இடிந்ததைக் கட்டுவது கொத்தனார் தொழில்; இடியுமுன் இருந்ததினும் நேரிய ஊராகக் கட்டுவது நம் எல்லார் கடன்.