மரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த மனுஷன்

மரவேலைன்னா தச்சு வேலை இல்லைங்க, முதல்லயே சொல்லிடறேன். நான் சொல்ல வந்தது, நிக்கிற மரத்து மேல கயித்தைக் கட்டி ஏறி, பட்ட கொப்பைக் கழிச்சு, பொந்தைச் சுத்தம் பண்ணி, சாயப்போறதை இழுத்துக் கட்டி, அதுக்குக் கூலி வாங்குற தொழிலைப் பத்தி. இன்னிக்கு அமெரிக்காவுல இதுக்குப் பரீட்சை இருக்கு, சான்றிதழ் இருக்கு, சில மாநிலங்கள்ல லைசென்ஸே வேணும். ஆனா இந்தத் தொழிலை அங்கே நிறுவனமா வளர்த்த ஆளுக்கு இருபது வயசு வரைக்கும் எழுதப் படிக்கவே தெரியாது. அவர்தான் ஜான் டேவி.

1846-இல் இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகலை. வாலிபரான பிறகு டார்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போய்த் தோட்டக்கலையைத் தொழிலாளியாகவே கற்றுக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் அப்போதுதான். 1873-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, ஒஹையோ மாநிலத்தில் வாரன் என்ற ஊரில் இறங்கினார். சில வருஷம் கழித்து பக்கத்திலிருந்த கென்ட் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார். அங்கே கிடைத்த வேலை என்ன தெரியுமா? இடுகாட்டைப் பராமரிக்கிற வேலை.

சிரிக்காதீங்க. என்னைக் கேட்டா, அவருக்குக் கிடைச்ச பெரிய அதிர்ஷ்டமே அந்த இடுகாடுதான். ஸ்டாண்டிங் ராக் என்று பெயர். கவனிப்பாரில்லாமல் கிடந்த இடம். அங்கே இருந்த மரங்களை வருஷக்கணக்கா பக்கத்துல இருந்து பார்க்க முடிஞ்சது. இந்தக் கொப்பை இப்படிக் கழிச்சா அடுத்த வருஷம் என்ன ஆகுது, அந்தப் பொந்தை இப்படி அடைச்சா பட்டை மூடுதா மூடலையான்னு தினம் போய்ப் பார்க்கலாம். கூலிக்கு வேலை செய்யுற ஆளுக்கு இது கிடைக்காது. வெட்டினோமா, காசை வாங்கினோமா, அடுத்த தெருவுக்குப் போனோமான்னு இருப்பார். தான் வெட்டின மரம் அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. டேவிக்குத் தெரிஞ்சது. இடுகாடு நல்ல தோட்டமா மாறினதும் ஊர்க்காரங்களும் பார்த்தாங்க.

அந்தக் காலத்தில் மரத்தில் கைவைத்தவர்கள் இரண்டு வகை. தந்திக் கம்பிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் வழி பண்ணுகிறேன் என்று கொப்பை ஒடித்துப் போட்டவர்கள் ஒரு வகை. நிழல் மரத்தின் தலையை மொட்டையடித்தால் நல்லாத் தளிர்க்கும் என்று நம்பியவர்கள் இன்னொரு வகை. மொட்டையடிச்ச மரம் தளிர்க்கத்தான் செய்யும். இலையெல்லாம் போயிட்டதால உயிரைக் காப்பாத்திக்க அவசர அவசரமா விடுற தளிர் அது. வெட்டுவாய்க்குக் கிட்டக்க மேலோட்டமா ஒட்டிக்கிட்டு வளரும். சில வருஷத்துல கனத்துப் போய் காத்துக்கு முறிஞ்சு விழும். வெட்டுவாய் வழியா உள்ளே மட்கல் இறங்கும். இந்த மொட்டையடிப்பை டேவி கடுமையாகத் திட்டினார். நூறு வருஷம் கழிச்சும் அவர் திட்டினதுல ஒரு வார்த்தையை மாத்தத் தேவையில்லை.

1901-இல் 'தி ட்ரீ டாக்டர்' என்று ஒரு புத்தகம் போட்டார். பதிப்பாளர் யாரும் இல்லை, சொந்தச் செலவுதான். அதற்காகக் கடனாளியும் ஆனார். பக்கத்துக்குப் பக்கம் புகைப்படங்கள்: கெட்டுப்போன மரம், கெடுக்கப்பட்ட மரம், காப்பாற்றிய மரம். பட்டம் இல்லாத மனுஷனுக்கு அதுதான் சான்றிதழ். படத்தைப் பார்த்த பணக்காரர்கள் தங்கள் எஸ்டேட் மரங்களைப் பார்க்க ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். மகன்கள் தொழிலில் சேர்ந்தார்கள். 1909-இல் டேவி ட்ரீ எக்ஸ்பர்ட் கம்பெனி முறையாகப் பதிவானது. வேலையாட்களுக்குப் பாடம் சொல்லித்தர கென்ட்டிலேயே ஒரு பள்ளியும் ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவர் பள்ளிக்கூடம் வெச்சார்! மகன் மார்ட்டின் டேவி பின்னாளில் ஒஹையோவின் கவர்னராகவே ஆனார் (1935 முதல் 1939 வரை).

இதோட முடிச்சிருந்தா வழக்கமான 'உழைப்பால் உயர்ந்த உத்தமர்' கதை. ஆனா எனக்கு சுவாரசியமா பட்டது இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

டேவி கம்பெனியின் பேர்போன வேலை பொந்து அடைப்பது. பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைப்பாரே, அதே கதை. மட்கிப்போன கட்டையை உளியால் சுரண்டி, நல்ல கட்டை தெரியும்வரை போய், மருந்து பூசி, உள்ளே கான்கிரீட் போட்டுவிடுவார்கள். மரம் காற்றில் ஆடுமே, கான்கிரீட் வெடிக்காதா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரே கட்டியாகக் கொட்டாமல் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் தார்க் காகிதம் வைப்பார்கள். முதுகெலும்பு மாதிரி தனித்தனியா அசையும். பார்க்க அவ்வளவு நேர்த்தியா இருக்கும்.

மரக்காயத்துக்கு மருந்து போடுவதெல்லாம் டேவி கண்டுபிடித்ததில்லை. 1790-களிலேயே இங்கிலாந்து அரசரின் தோட்டக்காரர் வில்லியம் ஃபோர்சைத் மாட்டுச் சாணம், சுண்ணாம்பு, மரச் சாம்பல், மணல் எல்லாம் கலந்து ஒரு பூச்சு செய்து, அதன் ரகசியத்தைச் சொன்னதற்காக பார்லிமென்ட்டிடம் 1,500 பவுண்டு பரிசு வாங்கிவிட்டார். (சாணத்துக்கு வெள்ளைக்காரன் குடுத்த விலையைப் பாருங்க!) மரக்காயமும் மனுஷக் காயம் மாதிரிதான் ஆறும் என்ற நம்பிக்கை அவ்வளவு பழசு.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் அலெக்ஸ் ஷைகோ. 1930-இல் பிறந்தவர், டாக்டர் பட்டம் வாங்கியவர், அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி. 1959 வாக்கில் வேலையை ஆரம்பித்தபோது ஒரே ஆள் தூக்கக்கூடிய செயின்சா கைக்கு வந்திருந்தது. அதுவரை எல்லாரும் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்த்தார்கள். இவர் நீளவாக்கில் பிளந்தார். ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில்.

உள்ளே தெரிந்தது வேறு கதை. மரம் காயத்தை ஆற்றுவதே இல்லை. கெட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. மேலும் கீழும் இருக்கிற சுவர்தான் ரொம்ப பலவீனம். காயத்துக்கு அப்புறம் வளர்கிற கட்டைக்கு முன்னால் எழும்புகிற சுவர் ரொம்ப கெட்டி. 1977-இல் இதைத் தெளிவாக எழுதினார்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நல்ல கட்டை தெரியுற வரைக்கும் உளியால சுரண்டினா என்ன ஆகும்? மரம் பாடுபட்டுக் கட்டின சுவரை நாமளே இடிச்சு, மட்கலுக்கு வழி விட்டுடறோம். வெட்டுவாயில் பெயின்ட் பூசினாலும் மட்கல் நிற்பதில்லை என்று தெரிந்தது. கொப்பைத் தண்டோடு ஒட்ட வழவழன்னு வெட்டுகிற பழக்கமும் தப்பு. கொப்பு தண்டோடு சேருகிற இடத்தில் கழுத்து மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். வெட்டு அதற்கு வெளியேதான் விழணும், ஏன்னா சுவர் எழும்புறதே அந்த இடத்துலதான்.

"பார்த்தியா, படிக்காதவன் தொழில் செஞ்சா இப்படித்தான்"னு ஒருத்தர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. 1919-லயே கனெக்டிகட் மாநிலம் மர நிபுணர்களுக்குப் பரீட்சையும் லைசென்ஸும் கொண்டு வந்துவிட்டது. அந்த லைசென்ஸ் வந்த பிறகும் பல வருஷம் பொந்து சுரண்டுவதும் பூச்சு பூசுவதும்தான் நல்ல வேலை என்று பேர். தப்பு காகிதம் இல்லாதவரிடம் மட்டும் இல்லை, காகிதத்துக்குள்ளேயும் இருந்தது. வெளியே கண்ணுக்குத் தெரிந்ததில், அதாவது மொட்டையடிப்பு விஷயத்தில், டேவி சரியாகவே சொன்னார். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில்தான் தவறினார். அதைத் திறந்து பார்க்கிற ரம்பம் அவர் கையில் இல்லை. அவர் 1923-லேயே காலமாகிவிட்டார்.

கம்பெனி இன்னும் கென்ட்டிலேயே இருக்கு. 1979-இல் தொழிலாளிகளே அதை வாங்கிவிட்டார்கள், இப்போது பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள். பொந்தில் கான்கிரீட் போடுகிற வழக்கம் ஒழிந்து ரொம்ப நாளாச்சு. ஆனா பழைய எஸ்டேட்கள்ல வயசான மரத்தை வெட்டப் போறவங்களுக்கு இன்னும் பயம் உண்டு. பாதித் தண்டு அறுபட்டிருக்கும்போது திடீர்னு செயின்சாவுல இருந்து தீப்பொறி பறக்கும். உள்ளே பட்டை மூடிப்போன அந்தக் காலத்துக் கான்கிரீட்.