ஹார்வி மில்லும் பின்னி மில்லும்: இடிக்கும் முன் கேட்க வேண்டியவை



திருப்பரங்குன்றத்தை ஒட்டி ஹார்விபட்டி என்று ஓர் ஊர் இருப்பது உங்களுக்குத் தெரியும். பட்டி என்றால் நம் பக்கத்துக் கிராமம். ஹார்வி யார்? ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற இரண்டு சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. அவர்கள் தொடங்கிய மில்லின் தொழிலாளர்களுக்காக உண்டான குடியிருப்பு பிறகு பேரூராட்சியாகி, இன்று மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மில் முதலாளி பெயரில் வீட்டு விலாசம் எழுதுகிறவர்கள் இப்போதும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் அடுக்ககத்தில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதால் இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். மறு வருடமே பாதை தூத்துக்குடித் துறைமுகத்தைத் தொட்டது. திருமங்கலம், அருப்புக்கோட்டை, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாக வந்து சேர வசதியான இடம் என்று பார்த்துத்தான் ஹார்வி சகோதரர்கள் 1889-ல் மதுரா மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1892-ல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மில் ஓட ஆரம்பித்தது. ஊரார் வாயில் அது என்றும் ஹார்வி மில்தான். பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் அவர்களுக்கு மில்கள் இருந்தன. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார்களே, தூத்துக்குடி கோரல் மில், அதுவும் இவர்களுடையதே.

மில் வந்தால் கூடவே ஊரும் வரும். பொன்னகரம், ஆரப்பாளையம், கரிமேடு என்று மேற்குப் பக்கம் மதுரை வளர்ந்ததற்கு மில்லின் ஷிப்டும் சங்கும் பெரிய காரணம். கோயில் மணிக்கு எழுந்த ஊர் மில் சங்குக்கும் எழப் பழகியது. 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு மற்ற மில்களும் பெருகின. பழங்காநத்தம் தாண்டி 'பைக்காரா' என்று கண்டக்டர் கூவும் பஸ் ஸ்டாப் அந்த மின்சாரத்தின் பெயர்தான். கருமுத்து தியாகராசர் மீனாட்சி மில் நடத்தியவர். 1943-ல் பேங்க் ஆஃப் மதுரா தொடங்கியவரும் அவரே. பேங்கில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த பேங்க் 2001-ல் ஐசிஐசிஐயோடு இணைந்துவிட்டது.

தொழிலாளர் பக்கத்துக் கதையும் உண்டு. 1918-ல் மதுரையில் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர் வக்கீல் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துக்காரர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து வாதாடியதால் கள்ளர் சமூகத்தார் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த அதே மனிதர். யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. சங்கத்தின் போராட்டத்தால் முதலில் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. பிறகு நிர்வாகமும் அரசாங்கமும் சேர்ந்து நெருக்க, சங்கம் கலைந்தது. ஆனாலும் விதை விழுந்துவிட்டது.

இனி சென்னைக்கு வருவோம், ஏனென்றால் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது அங்கேதான் நடந்தது. பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கி, 1920-ல் ஒன்றாயின. பின்னி மில் என்றால் காக்கித் துணி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்தே பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அப்படிப்பட்ட மில் 1996-ல் மூடப்பட்டது. காலியாகக் கிடந்த கொட்டகைகளில் சினிமா ஷூட்டிங் நடந்தது. பாழடைந்த ஆலையில் நாயகனும் வில்லனும் மோதுவதை எத்தனை படங்களில் பார்த்திருப்பீர்கள்! பிறகு கட்டடங்கள் இடிபட்டு, இன்று அங்கே உயர்ந்த அடுக்குமாடிகள்.

அடுக்குமாடி வருவதை நான் குறை சொல்லவில்லை. நானே அடுக்குமாடியில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். என் கவலை வேறு.

மும்பையைப் பாருங்கள். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதோடு பல மில்கள் எழுந்திருக்கவே இல்லை. 1991-ல் அங்கே ஒரு விதி போட்டார்கள். மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2001-ல் ஒரு திருத்தம் வந்தது: பங்கு பிரிப்பது முழு நிலத்துக்கும் அல்ல, கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் பகுதிக்கு மட்டும். மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே? பொதுமக்கள் பங்கு சுருங்கிப்போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006-ல் அந்தத் திருத்தமே நிலைத்தது. ஒரு சொல்லை மாற்றியதில் ஊருக்கு வர வேண்டிய மைதானங்கள் போயின.

நம் மாநிலத்தில் மில் நிலத்துக்கென்று அப்படித் தனிப் பங்கு இல்லை. 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனை என்றால் பத்து சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். நாம் 'ஓ.எஸ்.ஆர்.' என்கிறோமே, அது. எந்தப் பெரிய இடம் மனையானாலும் அந்தப் பத்து சதவீதம் எங்கே விழுகிறது, உள்ளே பூட்டிய கேட்டுக்குள்ளா, தெருவிலிருந்து போகக்கூடிய இடத்திலா என்று வரைபடத்தில் பாருங்கள்.

அடுத்தது தூசி. பழைய மில் கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கும். அதை உடைத்தால் பறக்கும் நார் நுரையீரலுக்குள் போய் வருடக்கணக்கில் தங்கும். 2016-ன் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி, ஒரு நாளில் 20 டன் அல்லது மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர் அதைத் தரம் பிரித்து, உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஒப்புதலைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லையா? கேட்காவிட்டால் இடிபாடு ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் கொட்டப்படும். நம் கண்மாய்கள் பட்ட பாடு போதும்.

மூன்றாவதை ஒரு பேங்க் குமாஸ்தாவாகச் சொல்கிறேன். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். பேங்க் அடமானம் அதில் தெரியும். தொழிலாளியின் பாக்கிச் சம்பளம் தெரியாது. கம்பெனி கலைக்கப்படும்போது தொழிலாளர்களின் குரலையும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பரில் சொன்னது. 1985-ல் வந்த சட்டத் திருத்தம் தொழிலாளர் பாக்கியை அடமானம் வைத்திருக்கும் பேங்குக்குச் சமமான வரிசையில் வைத்தது. 2016-ன் திவால் சட்டம் அந்தச் சமநிலையை 24 மாதப் பாக்கிக்கு என்று வரையறுத்தது. காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. மில்லில் முப்பது வருடம் உழைத்தவர் மாதம் பிறந்ததும் பாஸ்புக்கோடு வந்து நிற்பார். 1995 ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்கு வருவது சில நூறு ரூபாய். 2014-ல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று ஆனபோது, "ஆயிரமா சார்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு பெரியவர் இரண்டு முறை கேட்டார். அவர் நின்று வேலை பார்த்த இடத்தின் விலை அப்போது சென்ட் கணக்கில் லட்சங்களில் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் இடிக்கத்தான் வேண்டுமா என்றால், தேவையில்லை. கோவையில் லட்சுமி மில் வளாகத்தில் இப்போது கடைகள் நடக்கின்றன, மில்லின் பெயரும் போகவில்லை. நம் மாநிலத்தில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருடம் என்பது பல மில்களை இடித்து முடிக்கத் தாராளமான அவகாசம். ஹார்வி மில் 1974-ல் மதுரா கோட்ஸ் ஆகி இன்னும் நம்மோடு இருக்கிறது என்பதால், மதுரைக்காரர்களுக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மதுரையின் ஏதாவது ஒரு மில்லில் வேலை பார்த்திருந்தால், அவர்களுடைய டோக்கன், சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, மில் கேட்டில் எடுத்த போட்டோ எதுவானாலும் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். மாலை ஐந்து முதல் ஏழு வரை நான் அங்கே இருப்பேன்.