விநாடிகளின் இயக்குநர்: குடும்ப அனிமேஷன் படத்தில் இயக்குநரின் பங்கு உருவான வரலாறு (1926–2015)

முன்னுரை

அனிமேஷன் படத்தில் இயக்குநருக்கு என்ன வேலை? அவர் முன்னால் நடிகர்கள் இல்லை. படப்பிடிப்புத் தளமும் இல்லை. படங்களை வரைவோர் வேறு, பின்னணி தீட்டுவோர் வேறு, குரல் கொடுப்போர் வேறு. எல்லா வேலைகளையும் பிறர் செய்து முடிக்கும்போது, ஒரு படத்தை இன்னாருடைய படம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் தேவைக்கு மேல் எடுத்துவிட்டு, வேண்டாததைப் படத்தொகுப்பில் நீக்கலாம். அனிமேஷனில் அந்தச் செழிப்பு கிடையாது. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம்கள் என்ற கணக்கில், 86 நிமிடப் படத்துக்கு 1,23,840 ஃப்ரேம்கள் தேவை. ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று ஃப்ரேம்களுக்கு நிறுத்தி வைத்தாலும் பல்லாயிரம் ஓவியங்களைக் கையால் வரைந்தாக வேண்டும். அதனால் ஒரு காட்சி எத்தனை விநாடி நீடிக்கும் என்பதை, முடிந்தவரை, முதல் கோடு இழுப்பதற்கு முன்பே முடிவு செய்கிறார்கள். அந்தக் கால அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பே அனிமேஷன் இயக்குநரின் பணிக்கு மையம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பொறுப்பு யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதை ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் படங்களைக் கொண்டு இது ஆராய்கிறது.

குடும்பப் படம் என்று வரும்போது இந்தப் பொறுப்பு மேலும் கனக்கிறது. ஐந்து வயதுப் பேத்தியும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பேத்திக்குச் சலிக்கக்கூடாது, பாட்டிக்குச் சத்தும் வேண்டும். இருவருக்கும் பொருந்தும் நடையைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

ஒரே கை: லோட்டே ரைனிகர்

இன்று முழுமையாகக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’. 1926இல் வெளியான இந்தப் படத்தை இயக்கியவர் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண். 1923 முதல் மூன்றாண்டுகள், வங்கியாளர் ஒருவர் போட்ஸ்டாமில் ஒதுக்கித் தந்த கார் கொட்டகையின் மேல் அறையில் வேலை நடந்தது. கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களைக் கத்தரியால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசைமேல் கிடத்தி, ஒரு ஃப்ரேமுக்கு ஓர் அசைவாக அவர் நகர்த்தினார். மேலிருந்த கேமராவைக் கணவர் கார்ல் கோக் கவனித்தார்.

இங்கே இயக்குநர், அசைவூட்டுபவர் என்ற பிரிவு ஏறத்தாழ இல்லை. இளவரசனின் கை எவ்வளவு மெதுவாக உயர வேண்டும் என்று நினைத்தவரும், அந்தக் கையை நகர்த்தியவரும் ஒருவரே. சில துணைக் கலைஞர்களோடு மூன்றாண்டு உழைக்க முடிந்தவர்களுக்கே இந்த முறை ஏற்றது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வேலை செய்யும் ஸ்டுடியோ வந்ததும், நினைப்பவரும் வரைபவரும் பிரிந்தார்கள்.

இசை அறையும் சுவர்ப்பலகையும்: டிஸ்னி

அந்தப் பிரிவு டிஸ்னி ஸ்டுடியோவில் எப்படி ஏற்பட்டது என்பதற்கு ஒரு பெயரே சான்றாக இருக்கிறது. அங்கே இயக்குநர் உட்கார்ந்து வேலை செய்த அறைக்கு ‘இசை அறை’ என்று பெயர். 1928இல் ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற குறும்படத்துக்கு ஒலி சேர்க்கும்போது, படத்தின் ஃப்ரேம்களையும் இசையின் தாளத்தையும் ஒன்றாக எண்ணுவதற்கு மெட்ரோனோமைப் பயன்படுத்தும் வழியை வில்ஃபிரட் ஜாக்சன் கண்டார். அதன்பின் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஒரே அறையில் அமர்ந்து, எந்த அடிக்கு எந்த அசைவு என்று தாளில் குறித்து, அதன்படி காட்சிகளை அனிமேட்டர்களுக்குப் பங்கிட்டார்கள். ஆக, தொடக்கத்தில் ஸ்டுடியோ இயக்குநர் என்பவர் தாளக்காரர். கால அளவு அவர் கையில் இருந்தது, கதை இல்லை.

கதை சுவரில் இருந்தது. 1930களின் தொடக்கத்தில், கதைப் பிரிவில் இருந்த வெப் ஸ்மித் தம் ஓவியங்களை வரிசையாகப் பலகையில் குத்தி வைத்த பழக்கத்திலிருந்து ஸ்டோரிபோர்டு பிறந்தது என்று சொல்வது வழக்கம். படம் அசைவதற்கு முன்பே அதை எல்லோரும் பார்த்துவிட முடிந்தது. பலகையின் முன் நின்று, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று சொல்லக்கூடியவரிடம் அதிகாரம் சேர்ந்தது. டிஸ்னியில் அப்படிச் சொன்னவர் வால்ட் டிஸ்னி, அவர் தயாரிப்பாளர்.

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ படத்துக்கு டேவிட் ஹேண்ட் மேற்பார்வை இயக்குநர். அவருக்குக் கீழே பகுதிவாரியாக ஐந்து இயக்குநர்கள். முழுப் படத்தையும் மனத்தில் சுமந்தவர் வால்ட்தான். 1934இலேயே ஊழியர்களைக் கூட்டி, எல்லாப் பாத்திரங்களாகவும் தாமே நடித்து முழுக் கதையையும் சொன்னவர் அவர். குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை வார்ட் கிம்பல் என்ற இளம் அனிமேட்டர் பல மாதம் வரைந்து முடித்திருந்தார். வேடிக்கை நிறைந்த காட்சி. ஆனால் கதையின் ஓட்டத்தை அது நிறுத்துகிறது என்று வால்ட் அதை நீக்கினார்.

அதே படத்தில் இறந்ததாகக் கிடக்கும் ஸ்னோ ஒயிட்டைச் சுற்றிக் குள்ளர்கள் அழும் காட்சி இருக்கிறது. ஃபிராங்க் தாமஸ் அசைவூட்டியது. அதில் அசைவு மிகக் குறைவு: ஒரு கண்ணீர்த் துளி, தாழ்ந்த தலை, நீண்ட நிறுத்தம். துள்ளிக் குதிக்கவே பிறந்தவை என்று கருதப்பட்ட கார்ட்டூன் உருவங்கள் அசையாமல் நின்றபோது அரங்கம் அழுதது. சிரிப்பை நீக்கி அமைதிக்கு இடம் தந்த இந்த இரண்டு முடிவுகளும் குடும்பப் படத்தின் இலக்கணத்தை வகுத்தவை. இரண்டும் கால அளவைப் பற்றிய முடிவுகளே.

படம் வரையாத இயக்குநர்: இசாவோ தகஹாட்டா

1956இல் டோக்கியோவில் தொடங்கிய டோயே அனிமேஷன் ஸ்டுடியோவும் தொழிற்சாலை முறையிலேயே இயங்கியது. 1959இல் அங்கே சேர்ந்த இசாவோ தகஹாட்டா, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். பிரெஞ்சுக்காரர் பால் கிரிமோவின் அனிமேஷன் படம் ஒன்று அவரை இந்தத் துறைக்கு இழுத்தது. அவர் அனிமேட்டர் அல்லர். வரைபவர்களின் கோட்டைக்குள் வரையாத ஒருவர் இயக்குநராக வந்ததை இந்த வரலாற்றின் திருப்பமாகக் கொள்ளலாம். கையால் காட்ட முடியாததை அவர் கேள்வியாக மாற்றினார்: இந்தப் பெண் இந்தக் கணத்தில் ஏன் திரும்புகிறாள்? திரும்புவதற்கு முன் எவ்வளவு நேரம் தயங்குகிறாள்?

அவருடைய முதல் முழுநீளப் படம், சூரிய இளவரசன் ஹோல்ஸின் சாகசத்தைச் சொல்வது, 1968 ஜூலையில் வந்தது. அனிமேட்டர்களின் வேலையை மேற்பார்வையிட்ட அனிமேஷன் இயக்குநர் யாசுவோ ஒட்சுகா. இளம் அனிமேட்டரான ஹயாவோ மியாசாகி காட்சி வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்தார். பதவி பாராமல் எல்லோரிடமும் யோசனை கேட்டு உருவாக்கிய படம் அது. ஹில்டா என்ற சிறுமியின் மனம் நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் அல்லாடுவதை, முகத்தின் சிறு மாற்றங்களால் யாசுஜி மோரி வரைந்தார். படம் கெடு தாண்டியது, வசூலில் தோற்றது. தகஹாட்டாவுக்கு டோயேயில் முழுநீளப் படம் மறுபடி கிடைக்கவில்லை.

அவர் கண்டடைந்த வழி தொலைக்காட்சியில் தொடர்ந்தது. 1974இல் 52 வாரம் ஒளிபரப்பான ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி’ தொடருக்காக, முந்தைய ஆண்டே குழுவினர் ஸ்விட்சர்லாந்து சென்று வீடுகளையும் புல்வெளிகளையும் பார்த்து வந்தார்கள். ஒரு காட்சியில், தாத்தா நெருப்பில் காட்டிய பாலாடைக்கட்டி உருகி ரொட்டியில் வழிகிறது. ஹைடி அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறாள். கதைக்கு இது ஒரு வரியில் முடியும் செய்தி. தகஹாட்டா அதற்கு உருகுவதற்குரிய நேரத்தைக் கொடுத்தார். அன்றாடச் செயலே நிகழ்ச்சியாக மாறியது. ஒவ்வொரு ஷாட்டின் கட்டமைப்பையும் முன்கூட்டியே வரைந்துவைக்கும் பெரும்பணியை மியாசாகி ஏற்றார்.

பேருந்து நிறுத்தம்: ஹயாவோ மியாசாகி

நினைப்பவரும் வரைபவரும் ரைனிகருக்குப் பிறகு மியாசாகியிடம் மீண்டும் ஒன்றானார்கள். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி, ஜப்பானில் எகோந்தே எனப்படும் ஸ்டோரிபோர்டுத் தாள். மேலிருந்து கீழாகப் படக் கட்டங்கள். பக்கவாட்டில் ஷாட் எண், செயல் விவரம், வசனம். கடைசிப் பத்தியில் விநாடியும் ஃப்ரேமும். டிஸ்னியில் சுவருக்கும் இசை அறைக்கும் பிரிந்து கிடந்த கதையும் காலமும் இங்கே ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் சேர்ந்தன.

1988 ஏப்ரல் 16 அன்று, தகஹாட்டாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ படத்தோடு இணைத்து வெளியிடப்பட்டது மியாசாகியின் ‘என் அண்டைவீட்டு டோட்டோரோ’. தாய் மருத்துவமனையில் இருக்க, தந்தையோடு கிராமத்துக்குக் குடிவரும் சாட்சுகி, மே என்ற சகோதரிகளின் கதை. முதலில் ஒரே சிறுமியாக இருந்த பாத்திரம் பின்னர் அக்கா, தங்கையாகப் பிரிந்தது. சுவரொட்டியில் மட்டும் அந்த ஒற்றைச் சிறுமி இன்றும் நிற்கிறாள்.

அதன் பேருந்து நிறுத்தக் காட்சியை நெருங்கிப் பார்ப்போம். மழை. அப்பாவுக்குக் குடையோடு இருவரும் காத்திருக்கிறார்கள். வந்த பேருந்தில் அப்பா இல்லை. விளக்கு எரிகிறது. மேவுக்குத் தூக்கம் சொக்குகிறது. அக்கா அவளை முதுகில் தூக்கிக்கொள்கிறாள். ஒரு தேரை மெல்ல நகர்கிறது. காலடி ஓசை. குடையின் விளிம்புக்குக் கீழே நகம் நீண்ட ஒரு பெரிய பாதம் தெரிகிறது. அவள் குடையைச் சற்று உயர்த்திய பிறகே, தலையில் ஓர் இலையோடு நிற்கும், காட்டில் வாழும் விசித்திர உயிரினமான டோட்டோரோவை நாமும் பார்க்கிறோம். அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு துளி குடைமேல் விழுகிறது. டோட்டோரோவின் உடல் சிலிர்க்கிறது. இன்னும் சில துளிகள். அது எம்பிக் குதிக்க, கிளைகளில் தங்கியிருந்த நீரெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது.

சுருக்கிச் சொன்னால், இருவர் காத்திருந்தார்கள், ஒருவர் வந்தார். ஆனால் தேரைக்கும் தூக்கத்துக்கும் முதல் துளிக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கப்பட்டதால்தான் அந்த வருகையை நாம் நம்புகிறோம். 2002இல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது மியாசாகி கைகளைத் தட்டிக் காட்டி, இரண்டு தட்டல்களுக்கு இடையிலுள்ள வெற்று நேரத்தை ஜப்பானியர் ‘மா’ என்று அழைப்பதாக விளக்கினார். மூச்சுவிட இடமின்றி நிகழ்ச்சிகளை அடுக்கினால் அது வெறும் பரபரப்பாகிவிடும் என்பது அவர் கருத்து.

திருத்தித் திருத்தி: பிக்ஸார்

கணினி அனிமேஷன் வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. முடிவெடுக்கும் முறை மாறியது. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு ஓவியங்களைத் தற்காலிகக் குரலோடும் இசையோடும் கோத்து, ஒரு கச்சாப் படமாகவே ஓட்டிப் பார்க்கிறார்கள். ஜான் லாசட்டர் இயக்கிய ‘டாய் ஸ்டோரி’யின் அத்தகைய வடிவம் 1993 நவம்பர் 19 அன்று டிஸ்னி அதிகாரிகளுக்குக் காட்டப்பட்டபோது, வுடி என்ற நாயகனை எவராலும் விரும்ப முடியவில்லை. வேலை நிறுத்தப்பட்டது, கதை திருத்தப்பட்டது. 1995இல் படம் வென்றது.

‘ஃபைண்டிங் நீமோ’வில் (2003) தாய்மீன் இறப்பதைப் படம் முழுக்கச் சிறு நினைவுகளாகத் தூவ இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் திட்டமிட்டிருந்தார். அப்படிப் பார்த்தபோது, மகனுக்காக எப்போதும் பயப்படும் தந்தை மார்லின் வெறும் தொணதொணப்பவராகத் தெரிந்தார். அந்த நினைவுகளை ஒன்றாக்கி முதல் காட்சியாக வைத்ததும், அதே பயம் பாசமாகப் புரிந்தது. ஒரு சிறுமியின் உணர்வுகளே பாத்திரங்களாக வரும் ‘இன்சைட் அவுட்’டில் (2015) மகிழ்ச்சிக்குத் துணையாக முதலில் பயமே பயணம் செய்தது, தயாரிப்பின் நடுவே இயக்குநர் பீட் டாக்டர் பயத்தை எடுத்துவிட்டுச் சோகத்தை அனுப்பினார். அந்த மாற்றத்தின் பலனை ஒரு காட்சியில் காணலாம். தன் வண்டியை இழந்து உடைந்துபோன பிங் பாங் என்ற கற்பனைத் தோழனை மகிழ்ச்சி கிச்சுகிச்சு மூட்டி எழுப்பப் பார்க்கிறது, முடியவில்லை. சோகம் அருகில் உட்கார்ந்து கேட்கிறது. அவன் அழுது முடித்து, தானே எழுகிறான். அவசரப்படாமல் உட்காருவதையே படம் அன்பு என்று காட்டுகிறது.

முடிவுரை

ரைனிகரிடம் கையும் காலமும் ஒன்றாக இருந்தன. டிஸ்னி தாளத்தை இயக்குநரிடமும் கதையைத் தயாரிப்பாளரிடமும் வைத்தது. வரையாத தகஹாட்டா, இயக்குநரின் பணி பாத்திரத்தின் மனத்துக்கு நேரம் ஒதுக்குவது என்று தெளிவாக்கினார். மியாசாகி அதை ஒரு தாளின் கடைசிப் பத்தியில் எழுதினார். பிக்ஸார் அதைப் பலர் முன்னிலையில் சோதித்துத் திருத்தும் வழக்கத்தை நிலைநாட்டியது.

அனிமேஷன் படங்களைப் பற்றி எழுதும்போது ஓவியத்தின் அழகையும் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியையும் போற்றுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். விநாடிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் வேண்டுகோள். குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று முடிவுகட்டி, ஒவ்வொரு கணத்தையும் இரைச்சலால் நிரப்பும் படங்கள் குழந்தையைக் குறைத்து மதிப்பிடுகின்றன. ஒரு மழைத்துளி விழும்வரை அந்தக் குழந்தை காத்திருக்கும் என்று நம்பி, அதற்கான விநாடிகளை முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பவரே அதை மதிக்கும் இயக்குநர்.