ஊராத்துறைக் கல்லும் கணினியின் துறையும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திருவிழாக் காலத்தில் குறிகட்டுவானில் படகேறி வந்திறங்கும் ஆயிரக்கணக்கான அடியார்களில் அதன் முன் நின்று படிப்போர் மிகச் சிலரே. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எழுத்துப் பழையது, கல்லின் மேற்பகுதியும் சிதைந்துவிட்டது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அது. 1963ஆம் ஆண்டில் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

ஆணை சொல்வதென்ன? பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாலோ பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இந்த வேறுபாடு ஏன்? யானையும் குதிரையும் போருக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவருபவன் மீண்டும் வரவேண்டும் என்பது அரசனின் அக்கறை. மிளகோ துணியோ கொண்டுவருபவன் பாதியை இழந்தாலும் அரசனுக்கு அவ்வளவு கவலையில்லை. ஒரு துறையின் விதிகள் எவருடைய நலனுக்காக எழுதப்பட்டவை என்பதை அறியப் பங்கீட்டைப் பார்த்தாலே போதும்.

கல்லில் இன்னொரு சிறப்பும் உண்டு. சிங்கள மன்னனின் ஆணை தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் துறையில் வந்திறங்கி வாணிபம் செய்தோருக்கு விளங்க வேண்டிய மொழி அதுவாகவே இருந்திருக்க வேண்டும். விதியைப் பின்பற்ற வேண்டியவனுக்கு விதி விளங்கவேண்டும் என்ற எளிய உண்மையை அந்த அரசவை அறிந்திருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அரசுகள் சில இதை மறந்த கதையை நம் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கல்லை நான் நினைவுகூர்வதற்குக் காரணம் ஒரு பாடசாலை. தீவகத்தில் உள்ள அப்பாடசாலையின் ஒரு அறையில் ஏழெட்டுக் கணினிகள் துணிபோர்த்தி வைக்கப்பட்டிருந்தன. "இவை காலாவதியாகிவிட்டன" என்றார் ஆசிரியர். பழுதா என்றேன். பழுதில்லை. விசையை அழுத்தினால் இயங்குகின்றன. ஆயினும் அவற்றிலிருந்த விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்த பதிப்பு இந்தப் பழைய பொறிகளை ஏற்காது. நல்ல மரத்தில் கட்டிய வள்ளம் ஒன்றை, துறைக்காரன் இடம் தர மறுத்ததனால், கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பது போலிருந்தது அந்தக் காட்சி.

அந்தத் துறைக்காரன் யார்? தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பர். எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. பெயரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஓர் இறங்குதுறையை எண்ணிப் பாருங்கள். மேடை ஒன்று, படகுகள் பல. எல்லாம் ஒரே வேளையில் அணைய முடியாது. எது முதலில், எவ்வளவு நேரம் என்று ஒருவன் தீர்மானிக்க வேண்டும். கணினியின் செயலிதான் அந்த மேடை. கடிதம் எழுதும் நிரல், பாட்டிசைக்கும் நிரல், படம் காட்டும் நிரல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நொடியின் மிகச் சிறு கூறு ஒன்றை மாறிமாறி அளிக்கிறது பணிசெயல் முறைமை. மாற்றம் அத்துணை விரைவானது. ஆகவே எல்லாம் ஒருங்கே நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நினைவகம் பண்டகசாலை, ஒருவன் சரக்கில் மற்றவன் கைவைக்காதபடி அறைகளைப் பிரித்துக் காவல் செய்வதும் அதன் வேலை. அச்சுப்பொறியையோ வட்டையோ எந்த நிரலும் தானாகத் தொட முடியாது. துறைக்காரனிடம் விண்ணப்பித்தே பெற வேண்டும். நிரலொன்று நிலைகுலைந்து வீழ்ந்தால் அது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு மூழ்காதபடி தடுத்து, அதன் அறைகளை மீட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கிறது. கலம் உடைந்தால் என்ன செய்வது என்ற பராக்கிரமபாகுவின் வினாவேதான் இதுவும்!

தொடக்கத்தில் இத்தகைய துறைக்காரன் இருக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் நேரம் குறித்துக்கொண்டு வந்து, முழுப் பொறியையும் தனியே பிடித்துக்கொண்டு வேலை செய்தனர். ஒருவர் போய் இன்னொருவர் ஆயத்தமாகும்வரை விலையுயர்ந்த பொறி வீணே கிடக்கும். 1956இல் ஐபிஎம் 704 பொறிக்கென ஜெனரல் மோட்டோர்ஸ், நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய கொம்பனிகளின் பணியாளர் ஒரு முறைமையை எழுதினர். வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவது அது. பொறியை விற்ற கொம்பனி எழுதவில்லை, பொறியோடு மாரடித்தவர்கள் எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1961இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், பலர் ஒரே பொறியை ஒரே வேளையில் பகிரும் முறையைச் செய்து காட்டினர். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கினர்.

யுனிக்ஸ் பரவிய விதம் சுவையானது. அதன் உரிமையாளரான ஏடி அன்ட் டி, 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கம் ஒன்றினால் தொலைபேசிக்கு அப்பாற்பட்ட வாணிபத்தில் இறங்க முடியாதிருந்தது. ஆகவே மூலநிரலோடு சேர்த்துச் சிறுதொகைக்குப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. மாணவர் படித்தனர், திருத்தினர், வளர்த்தனர். 1984இல் அந்தக் கொம்பனி பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் யுனிக்ஸ் விலைப்பண்டமாயிற்று. பலர் கூடிச் செழிப்பித்த வயலுக்கு வேலி விழுந்தது.

மறுபுறத்தில், 1981இல் ஐபிஎம் தன் சிறு கணினியை வெளியிட்டபோது அதற்கான முறைமையை வழங்கியது மைக்ரோசொப்ட். அதுவும் சொந்தமாக எழுதியதன்று. சியாட்டிலில் ஒரு சிறு கொம்பனியிடம் வாங்கியது. ஆனால் பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பொறி எவன் செய்தாலும் துறைவரி தனக்கு! மூலநிரல் பூட்டப்பட்டது.

இதற்கு எதிர்க்குரல் 1983இல் எழுந்தது. எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய முறைமையை எழுதப்போவதாக ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ், வயது 21, லினக்ஸ் என்னும் கருவை எழுதி, மறு ஆண்டு அதே உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இன்று ஊர்காவற்றுறை மீனவரின் கையிலுள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசிக்குள்ளும் இருப்பது லினக்ஸ் கருவே.

இதைக் கேட்டு நாம் உடனே கைதட்டிவிடக் கூடாது. கரு பொதுவுடைமை, மேலே கட்டிய மாளிகை கூகிளுடையது. அந்த அன்ட்ரொய்டைக் கொண்டு போட்டியாளரை ஒடுக்கியதாகக் கூறி ஐரோப்பிய ஆணைக்குழு 2018இல் கூகிளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிரல் திறந்திருப்பதனால் மட்டும் துறை மக்களுடையதாகிவிடுவதில்லை.

மொழிக்கு வருவோம். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் எழுத்துக்கு இடம் கிடைப்பது வேறு, திரையிலுள்ள கட்டளைகள் தமிழில் பேசுவது வேறு. 2000ஆம் ஆண்டையொட்டிப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் கூலியின்றி இரவில் விழித்திருந்து, லினக்ஸின் திரைச்சூழல்களைத் தமிழாக்கினர். எவருடைய அனுமதியையும் அவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், எமது பழைய ஏடுகளையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் காப்பதற்குக் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தியது.

பாடசாலைக்குத் திரும்புகிறேன். ஆசிரியரும் நானுமாக ஒரு பொறியின் துணியை நீக்கி, லினக்ஸை நிறுவினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாணவர் சூழ்ந்துகொண்டனர். திரையில் தமிழைக் கண்டு சிலர் சிரித்தனர். பழக்கமின்மையால் வந்த சிரிப்பு அது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்தாள். "எங்கள் புத்தகத்தில் கோப்புறை என்றிருக்கிறது, சேர். இதில் ஏன் அடைவு? இதை மாற்ற யாரிடம் சொல்ல வேண்டும்?"

யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, நீயே எழுதி அனுப்பலாம் என்றேன். அவள் நம்பவில்லை. மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து காட்டினேன். ஆங்கில வரி மேலே, தமிழ் வரி கீழே. கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டதென்று ஆசிரியர் அவசரப்படுத்திக் கொண்டிருக்க, அவள் அடுத்த வரியையும் படித்து, அதிலும் ஒரு பிழை கண்டுபிடித்தாள்.